உடன்படிக்கை, ஏற்பாடு, சாசனம்: விவிலியத் தமிழில் ஒரு கருத்தின் மூன்று வடிவங்கள்

கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் 'தியாதேக்கே' என்னும் கிரேக்கச் சொல் இருமுறை வருகிறது. ஆறாம் வசனத்தில் புதியது என்னும் அடையும், பதினான்காம் வசனத்தில் பழையது என்னும் அடையும் அதற்கு உண்டு. இவ்விரண்டையும் எதிரெதிர் நிறுத்தியே பவுலின் வாதம் நகர்கிறது. போவர் தலைமையில் அமைந்த குழுவினரால் 1871-இல் நிறைவெய்திய தமிழ்த் திருப்புதலில் முன்னது 'புது உடன்படிக்கை' என்றும் பின்னது 'பழைய ஏற்பாடு' என்றும் நிற்கின்றன. எட்டு வசன இடைவெளியில் ஒரு சொல் இரண்டாகிவிட்டது. தமிழில் படிப்பவர் முதலிடத்தில் கடவுளுக்கும் மக்களுக்கும் இடையிலான ஓர் உறவை எண்ணுகிறார். இரண்டாமிடத்தில் ஒரு நூலை எண்ணுகிறார். இரண்டும் ஒரே சொல்லின் இரு நிலைகள் என்பதற்குத் தமிழ்த் தொடரில் எவ்வித அறிகுறியும் இல்லை.

பதினான்காம் வசனம் வாசிக்கப்படும் ஒன்றைக் குறிப்பதால் நூற்பெயரே பொருத்தம் எனச் சிலர் கூறலாம். பவுல் எழுதிய காலத்தில் அப்படியொரு நூற்பெயர் வழங்கவில்லை. எபிரேய வேதநூல்களைப் 'பழைய தியாதேக்கேயின் நூல்கள்' எனச் சுட்டும் வழக்கு, கி.பி. 170-ஐ ஒட்டிய காலத்தில் சர்தை நகர மெலித்தோவின் எழுத்தில்தான் தெளிவாகக் காணப்படுகிறது. ஒரு நூற்றாண்டுக்குப் பிற்பட்ட நூற்பெயரைத் திருப்புதல் பவுலின் வாயில் இட்டுவிட்டது என்பதே சரியான மதிப்பீடு.

மூன்றாவது சொல்லும் உண்டு. எபிரெயர் நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரம் 16, 17 வசனங்களில் அதே கிரேக்கச் சொல் 'மரணசாசனம்' ஆகியிருக்கிறது. ஆக, கிறிஸ்தவ இறையியலின் நடுத்தூண் எனத்தக்க ஒரு கருத்து தமிழில் உடன்படிக்கை, ஏற்பாடு, மரணசாசனம் என மூன்று பெயர்களில் வழங்குகிறது. இப்பிளவு எங்கிருந்து வந்தது, தமிழில் அது எதை இழக்கச் செய்தது, எதைக் காத்தது என்பன மொழியியல் நோக்கில் தனித்தனியே ஆராயத்தக்கன. பொதுவாகச் சொல்லப்படும் குறை ஓரிடத்திலும், உண்மையான குறை வேறிடத்திலும் இருக்கின்றன.

மூலச் சொற்கள்

எபிரேய விவிலியத்தில் 280-க்கும் மேற்பட்ட இடங்களில் வரும் சொல் 'பெரித்'. அதன் வேர் பற்றி ஒருமித்த முடிவு இல்லை. 'இடையே' எனப் பொருள்படும் அக்காதியச் சொல்லோடும், விலங்கு அல்லது தளை எனப் பொருள்படும் மற்றோர் அக்காதியச் சொல்லோடும் அதனை இணைப்பார் உளர். இரண்டு அரசர் செய்துகொள்ளும் உறவும், வென்றவன் தோற்றவன்மேல் விதிக்கும் கடமையும், நண்பர் இருவரின் ஆணையும், மணமும், கடவுள் நோவாவுக்கு அளித்த உறுதிமொழியும் எபிரேயத்தில் 'பெரித்' என்றே சொல்லப்படுகின்றன. சமநிலை என்பதோ ஏற்றத்தாழ்வு என்பதோ அச்சொல்லின் உட்பொருளில் இல்லை. சூழலே அதனைத் தருகிறது.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் தொடங்கிய எழுபதின்மர் கிரேக்கப் பெயர்ப்பு இவ்விடத்தில் ஒரு தேர்வைச் செய்ய வேண்டியிருந்தது. இருதரப்பு ஒப்பந்தத்திற்குக் கிரேக்கத்தில் 'சுந்தேக்கே' என்ற சொல் இயல்பாக வழங்கியது. பெயர்ப்பாளர் ஏறத்தாழ எல்லா இடங்களிலும் அதனை விலக்கி, ஒருவர் தம் உடைமையைத் தம் விருப்பப்படி ஒழுங்குசெய்வதைக் குறிக்கும் 'தியாதேக்கே'யைக் கொண்டனர். அன்றைய கிரேக்க வழக்கில் உயிலுக்கும் அதுவே பெயர். 'சுன்' என்னும் முன்னொட்டு 'உடன்' எனப் பொருள்படும். கடவுளும் மனிதரும் ஒரே தளத்தில் நின்று பேரம் பேசினர் என்னும் தோற்றத்தைத் தவிர்க்கவே அது விலக்கப்பட்டது எனப் பலரும் விளக்குவர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எபிரேயத்தை மீண்டும் கிரேக்கமாக்கிய அக்குவிலா 'சுந்தேக்கே'யைப் பயன்படுத்தியதும் இத்தேர்வு எளிதாக இருக்கவில்லை என்பதற்குச் சான்று.

இலத்தீனில் பிளவு உறுதிப்பட்டது. பழைய இலத்தீன் பெயர்ப்புகள் 'தெஸ்தாமெந்தும்' என்றன. ஜெரோம் எபிரேயத்திலிருந்து நேரே பெயர்த்த பகுதிகளில் 'ஃபோயெதுஸ்', 'பாக்தும்' என்னும் உடன்பாட்டுச் சொற்களை இட்டார். புதிய பகுதியில் 'தெஸ்தாமெந்தும்' நிலைத்தது. லூத்தரின் ஜெர்மன் பெயர்ப்பிலும் எபிரேயப் பகுதிக்கு ஒரு சொல், கிரேக்கப் பகுதிக்கு மற்றொரு சொல். தமிழ்ப் பெயர்ப்பாளர் கையில் சேரும் முன்பே இக்கருத்து உறவுச் சொல்லாகவும் நூற்பெயராகவும் பிரிந்துவிட்டது. பிளவைத் தமிழ் தோற்றுவிக்கவில்லை, பெற்றுக்கொண்டது.

அண்டை மொழிகளின் சான்று

பெற்றுக்கொண்டே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இருக்கவில்லை. கன்னட விவிலியத்தின் இரு பகுதிகளுக்கும் பெயர் 'ஹளெய ஒடம்படிகெ', 'ஹொச ஒடம்படிகெ' என்பன. உள்ளே கடவுள் ஆபிரகாமோடு செய்வதும் 'ஒடம்படிகெ'யே. இது தமிழ் உடன்படிக்கையின் இனச்சொல். தமிழிலும் உடம்படு, உடன்படு என இரு வடிவங்கள் உண்டு. தாமாகச் சேராத இரண்டு உயிர்களைச் சேர்த்து வைக்கும் யகர வகரங்களை நன்னூல் உடம்படுமெய் என்பதிலும் இவ்வடிவமே இருக்கிறது. தெலுங்கில் 'பாத நிபந்தன', 'க்ரொத்த நிபந்தன', உள்ளேயும் 'நிபந்தன'. இவ்விரு மொழிகளிலும் விவிலியத்தின் முகப்பைப் படிப்பவர் அதன் நடுக்கருத்தையும் சேர்த்தே படித்துவிடுகிறார்.

மலையாளத்தின் 1910-ஆம் ஆண்டுப் பெயர்ப்பு இன்னும் கண்டிப்பானது. நூற்பெயரும் 'நியமம்', இராவுணவில் இயேசு கூறும் சொல்லும் 'நியமம்', தெலுங்கு தமிழைப்போலவே 'மரணசாசனம்' என மாற்றிவிடும் எபிரெயர் நிருப வசனங்களிலும் மலையாளத்தில் 'நியமம்'. சொல்லொருமை முழுமையாகக் காக்கப்பட்டது. ஆனால் இன்றைய மலையாளத்தில் நியமம் என்றால் சட்டம். வாக்குறுதியையும் நியாயப்பிரமாணத்தையும் பிரித்துக் காட்டப் பவுல் பட்ட பாடு அச்சொல்லில் மங்கிவிடுகிறது. சொல்லொருமை மட்டுமே பெயர்ப்பின் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

'உடன்' என்பதன் மேல் வைக்கப்படும் குற்றம்

தமிழ் உடன்படிக்கையைப் பற்றி வழக்கமாக எழுப்பப்படும் குறை இது: எழுபதின்மர் கவனமாக விலக்கிய 'சுன்' என்னும் உறுப்பையே தமிழ் 'உடன்' என வலிய ஏற்றுக்கொண்டது, ஆகவே கடவுளும் மனிதரும் சமநிலையில் கையொப்பமிடும் பத்திரமாக இக்கருத்து தமிழில் சுருங்கிற்று. கிரேக்கத்தையும் தமிழையும் அருகருகே வைத்தால் குற்றச்சாட்டு மேலும் வலுப்பெறுவது போலத் தோன்றும். 'தியாதேக்கே' என்பதன் சொல்லமைப்புக்கு நெருங்கிவரும் தமிழ்ச்சொல் 'ஏற்பாடு'. ஒருவர் ஒழுங்குசெய்து வைப்பது என்னும் பொருள் அதில் உண்டு, இருதரப்பு வேண்டுவதில்லை. பொருந்தும் சொல்லை நூலின் முகப்பில் ஒட்டிவிட்டுப் பொருந்தாத சொல்லை உள்ளே வைத்தனர் எனலாம்.

இவ்வாதம் கேட்கக் கவர்ச்சியானது. ஆனால் சொல்லின் உறுப்புகளிலிருந்து இறையியலைப் பிழிந்தெடுக்கும் முறையை ஜேம்ஸ் பார் 1961-இல் வெளியிட்ட விவிலியச் சொற்பொருளியல் நூல் ஐயத்திற்கிடமின்றி மறுத்துவிட்டது. ஒரு சொல்லின் பொருள் அதன் வேரில் தங்கியிருப்பதில்லை. அது சேர்ந்து வரும் வினைகளும் வேற்றுமைகளும் அதனைத் தீர்மானிக்கின்றன. தமிழ்த் திருப்புதலை இவ்வகையில் ஆராய்ந்தால் குற்றச்சாட்டில் பாதி கழிந்துவிடும்.

ஆதியாகமம் 21-இல் ஆபிரகாமும் அபிமெலேக்கும் உடன்படிக்கை 'பண்ணிக்கொண்டார்கள்'. 15-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் ஆபிராமோடே உடன்படிக்கை 'பண்ணி'னார். எபிரேயத்தில் இரண்டிடத்தும் வினை ஒன்றே. தமிழில் மட்டும் 'கொள்' என்னும் துணைவினை மனிதர் இருவர் தமக்குள் செய்வதைப் பிரித்துக் காட்டுகிறது. நோவாவோடும் ஆபிரகாமோடும் கடவுள் செய்வதைச் சொல்லும் இடங்களில் 'ஏற்படுத்து' என்னும் வினை வருகிறது. உடன்படிக்கையை ஒருவர் ஏற்படுத்துவது என்பது நாள்வழக்கில் சற்றே நெருடும் தொடர். அந்நெருடலே பொருளைக் காக்கிறது. உடன்படுவதற்கு முன்னரே ஒருவர் அதனை நிறுவிவிட்டார் என்னும் குறிப்பு அதில் இருக்கிறது. ஏற்பாடு என்னும் பெயரின் அடியாகிய 'ஏற்படு' இங்கே வினையாகத் திரும்பி வந்திருப்பதும் நோக்கத்தக்கது. பெயரில் பிரிந்த இரண்டும் தொடரில் சேர்ந்துகொண்டன. திருப்புதற் குழுவினர் இதனைத் திட்டமிட்டே செய்தனர் எனச் சொல்லுதல் மிகை. 'கொள்' வரும் வேறுபாடு எல்லா இடத்தும் தவறாது பேணப்பட்டதென்றும் சொல்வதற்கில்லை. தமிழ் நன்கு கேட்ட செவிகள் அக்குழுவில் இருந்தன என்பது மட்டும் உறுதி.

மாறாக, உண்மையான இழப்பு வேற்றுமையில் நேர்ந்திருக்கிறது. எபிரேயம் ஒருவ'ரோடு' பெரித் செய்வதையும் ஒருவ'ருக்கு'ப் பெரித் அளிப்பதையும் இடைச்சொற்களால் வேறுபடுத்தும். வலியவர் எளியவருக்கு அளிக்கும்போது இரண்டாம் வகை பெரிதும் வரும். யோசுவா ஒன்பதாம் அதிகாரத்தில் கிபியோன் மக்கள் கேட்பது அதுவே: தோற்பவர்களாக வந்து நின்று தங்க'ளுக்கு' ஒரு பெரித் வேண்டுகின்றனர். தமிழில் அவர்கள் 'எங்களோடே' என்று கேட்கின்றனர். உடன்படிக்கை என்ற சொல் ஓடு உருபையன்றிக் கு உருபை ஏற்க மறுக்கிறது. 'எங்களுக்கு உடன்படிக்கை பண்ணுங்கள்' என்பது தமிழாகாது. ஒரே வினையில் இருவர் சேருமிடத்து ஓடு உருபு உயர்ந்தவரைச் சாரும் என்பது தொல்காப்பிய விதி. அதன்படி கொண்டால், தாழ்ந்தவரிடம் ஓடு நிற்கும் 'ஆபிராமோடே' என்னும் தொடர் இருவரின் ஒருவினை அன்று என வாதிக்கவும் இடமுண்டு. எனினும் இன்றைய வழக்கு அவ்விதியைப் பேணுவதில்லை. வாசகரின் காதில் விழுவது உடனிகழ்ச்சி மட்டுமே.

இதனால் நேரும் இடர் இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, ஒரு தரப்பு தன் கடமையை முற்றாக நிறைவேற்ற மறுத்தால் மறுதரப்பு ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம் என்கிறது. வீட்டுக் கிரைய உடன்படிக்கை எழுதிய எவரும் சட்டம் படிக்காமலே அறிந்த நியாயம் இது. எரேமியா 31-இல் நடப்பது இதற்கு நேர்மாறு. மக்கள் உடன்படிக்கையை மீறினர் என்று சொல்லும் அதே மூச்சில் கடவுள் புதியதொன்றை அறிவிக்கிறார். அதுவும் மீறிய அதே இஸ்ரவேல், யூதா வம்சத்தாரோடு. கிரைய நியாயத்தோடு இப்பகுதியைப் படிப்பவர், பழையது இரத்தாயிற்று, புதியது வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவார். கிறிஸ்தவ உலகம் பல நூற்றாண்டுகள் யூதரைப் பற்றி அவ்வாறே எண்ணியது. அதன் விளைவுகளை ஐரோப்பிய வரலாறு கண்டது. 1980-இல் மைன்ஸ் நகரில் யூத சமூகத்தினரிடையே பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், பழைய உடன்படிக்கை கடவுளால் ஒருபோதும் திரும்பப் பெறப்படாதது எனக் குறிப்பிட்டார். இக்கூற்றைத் தமிழில் 'பழைய ஏற்பாடு' என்று பெயர்த்தால் ஒரு புத்தகம் திரும்பப் பெறப்படவில்லை என்றாகிவிடும். சொற்பிளவின் விலை இத்தகைய இடங்களில்தான் தெரிகிறது.

உடன்படிக்கை என்னும் சொல் முழுமையாகப் பொருந்தும் களமும் உண்டு. ஜான் வெஸ்லி 1755-இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை, புத்தாண்டை ஒட்டித் தமிழ்ச் சபைகளிலும் நடைபெறுகிறது. அங்கே உடன்படுபவர் வழிபடுவோர். மணவுறவைச் சொல்லும் மல்கியாவின் தொடரிலும் இதே பொருத்தம் காணலாம்.

சாசனம் என்னும் விடுபட்ட வாய்ப்பு

பதினேழாம் நூற்றாண்டுச் சீர்திருத்த இறையியலார், கோக்சேயுஸ் 1648-இல் வெளியிட்ட நூலிலும் பிறவற்றிலும், இக்கருத்தைக் கிரியையின் உடன்படிக்கை, கிருபையின் உடன்படிக்கை எனப் பிரித்தனர். இருபதாம் நூற்றாண்டில் ஆய்வு வேறு திசையில் சென்றது. ஜார்ஜ் மெண்டன்ஹால் 1954-இல் சீனாய் மலை நிகழ்ச்சியை ஹித்தைட்டு அரசர்கள் சிற்றரசரோடு செய்த உடன்படிக்கைகளோடு ஒப்பிட்டார். மோஷே வைன்ஃபெல்ட் 1970-இல் மற்றொரு வகையைச் சுட்டினார்: ஆபிரகாமுக்கும் தாவீதுக்கும் அளிக்கப்பட்டவை அரசன் தன் உண்மை ஊழியனுக்கு வழங்கும் கொடையை ஒத்தவை. இரண்டையும் பிரிக்க அவர் காட்டிய அடையாளங்களுள் ஒன்று சாபத்தின் திசை. சிற்றரசர் உடன்படிக்கையில் சாபம் பெறுபவரை நோக்கும். கொடையில் சாபம், பெற்றவரின் உரிமையைப் பறிக்க வருவோரை நோக்கும். இவ்விரு வகைகளும் இவ்வளவு தூய்மையாகப் பிரிவதில்லை எனப் பின்வந்தோர் மறுத்தது உண்மையே. ஆயினும் வேறுபாடு பயனற்றதாகிவிடவில்லை.

தமிழ்க் கல்வெட்டுகளில் பழகியவருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கோயிலுக்கோ ஊருக்கோ நிலம் அளிக்கும் சாசனங்கள் சந்திராதித்தர் உள்ளவரை நிற்கும் எனக் கூறி, கல்லிலும் செம்பிலும் வெட்டிக்கொள்ளப் பணித்து, ஓம்படைக்கிளவியில் முடியும். கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் சேர்வது கொடையை அழிப்பவருக்கு. கொடை பெற்றவருக்கு அன்று. தாவீதின் சந்ததி பற்றிய 89-ஆம் சங்கீதம் சூரியனையும் சந்திரனையும் அளவாக வைப்பதை இதனோடு ஒப்பிடலாம். இது கடன்பேறு அன்று. கொடை வழங்கும் அரசுகள் எங்கும் தேடிய நிலைபேற்றுச் சொற்கள். எபிரேயர் பெரித்தை 'வெட்டினர்' என்பதே அவர்கள் மரபுத்தொடர். எரேமியா 34 காட்டுவது போல அவர்கள் வெட்டியது கன்றை, தமிழர் வெட்டியது கல்லை. தொடரின் கூர்மை 'பண்ணு' என்ற வினையில் போய்விட்டது. ஆதியாகமம் 15-இல் பிளந்த துண்டங்களின் நடுவே புகையும் சூளையும் தீச்சுடருமே கடந்து செல்கின்றன. ஆபிராம் உறக்கத்தில் இருக்கிறான். கொடுப்பவரே தம்மேல் ஆணையை ஏற்கும் காட்சி அது. அதற்கடுத்து 'உடன்படிக்கை' என்ற சொல் வரும்போது தூங்கியவன் எப்போது உடன்பட்டான் என்று நுணுகிப் படிப்பவர் கேட்கக்கூடும்.

ஒருதலைக் கொடையைக் குறிக்கச் சாசனம் என்னும் சொல் தமிழில் ஆயத்தமாக இருந்தது. திருப்புதலோ அதற்கு 'மரண' என்னும் அடையிட்டு, உயில் என்ற ஒரு பொருளில் இரண்டு வசனங்களுக்குள் அடைத்துவிட்டது. அதற்காக எல்லா இடத்தும் சாசனம் என்று இன்று மாற்றுவதும் அறிவுடைமை ஆகாது. யோனத்தானும் தாவீதும் செய்தது சாசனம் அன்று. சீனாயில் மக்களிடம் ஒப்புதல் கேட்கப்பட்டதும் மறக்கத்தக்கதன்று.

எபிரெயர் ஒன்பதாம் அதிகாரம்

புதிய ஏற்பாட்டில் 33 முறை வரும் 'தியாதேக்கே'யில் 17 இந்நிருபத்திலேயே வருகின்றன. 15-ஆம் வசனம் புது உடன்படிக்கையின் மத்தியஸ்தரைச் சொல்கிறது. 16, 17 மரணசாசனத்தையும் எழுதினவனின் மரணத்தையும் சொல்கின்றன. 18 'அந்தப்படி' எனத் தொடங்கி முதலாம் உடன்படிக்கையின் இரத்தத்திற்குத் தாவுகிறது. கிரேக்கத்தில் ஒரே சொல் இரு பொருளையும் தாங்குவதால் தாவல் தெரிவதில்லை. தமிழில் 'அந்தப்படி' எதனைச் சுட்டுகிறது என்பதே விளங்காது. உயிலுக்கும் உடன்படிக்கைக்கும் என்ன தொடர்பு? 16, 17 வசனங்களும் உயிலைப் பற்றியன அல்ல, உடன்படிக்கைப் பலியைப் பற்றியனவே என்று கொள்ளும் அறிஞரும் உளர். அவ்வுரையைத் தமிழ் வாசகர் எண்ணிப்பார்க்கவும் இப்பெயர்ப்பு இடம் தருவதில்லை. கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தில் இதே குழுவினர் எதிர்வழியைக் கைக்கொண்டனர். மனிதர் உறுதிசெய்ததை எவரும் தள்ளுவதோ கூட்டுவதோ இல்லை என்னும் பவுலின் உவமை உயிலுக்கே பெரிதும் பொருந்தும். இருதரப்பு உடன்படிக்கையில் இருவரும் இசைந்தால் கூட்டலாம், குறைக்கலாம். அங்கே உடன்படிக்கை என்றே விட்டுச் சொல்லொருமையைக் காத்தனர், உவமை நொண்டுகிறது. ஓரிடத்தில் பொருளுக்காகச் சொல்லையும், மற்றோரிடத்தில் சொல்லுக்காகப் பொருளையும் விட்டுக்கொடுத்ததற்கு ஒரு நெறி இருந்ததாகத் தெரியவில்லை.

திருத்தம் மேற்கொள்வோர் செய்யக்கூடியவை சிலவே. நூற்பெயரை மாற்ற இயலாது. இரண்டு நூற்றாண்டு வழக்கை எந்தக் குழுவும் அசைக்க முடியாது. இரண்டாம் கொரிந்தியர் 3:14-இல் மட்டும் 'பழைய உடன்படிக்கை' என இட்டால் பவுலின் முரண் உடனே மீளும். எபிரெயர் 9:16, 17-இல் 'மரண' என்னும் அடையை நீக்கி, 15 முதல் 20 வரை உடன்படிக்கை வரும் இடங்களிலும் 'சாசனம்' என்றே வைத்து, இது பிற இடங்களில் உடன்படிக்கை எனப்படுவதே என ஓர் அடிக்குறிப்பு தரலாம். கலாத்தியர் 3:15-க்கும் 17-க்கும் அதே முறை ஏற்கும். யோசுவா 9:6-இல் கிபியோனியர் 'எங்களுக்கு ஓர் உடன்படிக்கை அருளும்' எனக் கேட்கலாம். 'பண்ணு' ஏற்காத கு உருபை 'அருள்' ஏற்கிறது.